பக்திப் படங்களும் நம் கண்ணீரும்



சென்ற சிவராத்திரி இரவு. ஸ்ரீராம்புரத்தில் நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே, வீட்டுக்காரரின் தாயார் தொலைக்காட்சியில் 'திருவிளையாடல்' பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் மூதாட்டி; வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்து, கட்டட வேலையில் சித்தாளாகச் செங்கல் சுமந்தவர். பாணபத்திரரைக் காக்கச் சிவபெருமான் விறகு விற்பவனாக வரும் கட்டம் வந்தது. பாட்டியின் கண்கள் கலங்கின. "சாமியே சுமை தூக்கினாரு தம்பி, நான் தூக்கினதுல என்ன கேவலம்?" என்றார்.

பக்திப் படம் என்றாலே பழமைக்குப் பாய் விரிப்பது என்று எண்ணியிருந்த எனக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

ஏ. பி. நாகராஜன் இயக்கிய அப்படம் 1965இல் வந்தது. 2012இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. இன்றும் வீடுதோறும் ஓடுகிறது. ஏன்? அற்புதக் காட்சிகளுக்காகவா? அந்தத் தந்திரக் காட்சிகளைக் கண்டு இன்று பள்ளிச் சிறுவனும் சிரிப்பான். பக்தி ஒன்றினாலா? அதுவும் முழு விடை ஆகாது. 1952இல் 'பராசக்தி'யில் கோயில் பூசாரியின் கொடுமையைக் கண்டு கொதித்தெழுந்த குணசேகரனாக நடித்த சிவாஜி கணேசன்தான், பதின்மூன்று ஆண்டு கழித்துச் சிவனாக வந்தார். இரண்டையும் வரவேற்றவர்கள் அதே தமிழ் மக்கள். 1967இல் பகுத்தறிவு இயக்கத்தில் பிறந்த கட்சியை ஆட்சியில் அமர்த்தியவர்களும் அவர்களே.

மக்கள் குழம்பினார்கள் என்பீர்களா? இல்லை என்பேன் நான். இரண்டு படங்களிலும் அவர்கள் தேடியது ஒன்றே: எளியவன் முறையீட்டைக் கேட்க ஒருவர் வேண்டும். நாகேஷின் தருமி, வறுமையைச் சொல்லி இறைவனிடமே வழக்காடுகிறான். நக்கீரர் இறைவன் முகத்துக்கு நேரே பிழையைப் பிழை என்கிறார். நம் கன்னடத் தோழர்களைக் கேளுங்கள். 1954இல் வந்த 'பேடர கண்ணப்ப' படத்தில் ராஜ்குமாரை அவர்கள் கொண்டாடியது, மந்திரம் அறியாத வேடனாக அல்லவா? ஏழைக்குப் பெருமை கிடைக்கும் இடமாக இப்படங்கள் இருந்தன. அதனால்தான் அவை வாழ்கின்றன.

ஆயினும், குறையைச் சொல்லாமல் விடலாகாது. ஜெமினியின் 'நந்தனார்' 1942இல் வந்தது. தண்டபாணி தேசிகரின் குரலில் நந்தனின் ஏக்கத்தைக் கேட்டு நானும் கண்ணீர் விட்டேன். ஆனால் முடிவில் நடப்பது என்ன? தில்லைக்குள் நுழைய நந்தன் தீயில் மூழ்கி எழ வேண்டியிருக்கிறது! வேதியியல் படிப்பவன் நான். தீ உடலைச் சுடும், யாரையும் தூய்மையாக்காது. அது கிடக்கட்டும். அழுக்கு நந்தனிடமா இருந்தது? கதவை அடைத்தவர்களிடம் அல்லவா இருந்தது? அவனுடைய பொறுமையைக் கண்டு அழுகிறோம். அவனைப் பொறுத்திருக்க வைத்தவரை யாரென்று கேட்க மறந்து விடுகிறோம்.

அப்படம் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1939 சூலை 8ஆம் நாள், திருவிளையாடல் நிகழ்ந்ததாகச் சொல்லும் அதே மதுரையில், வைத்தியநாதய்யர் முன்னின்று கக்கன் முதலியோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அங்கே யாரும் தீயில் இறங்கவில்லை. மனிதர் மூடிய கதவை மனிதரே திறந்தார்கள்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. பாட்டியின் வீட்டுக்கு வருமுன் இந்நகரில் அறை தேடி அலைந்தேன். ஊர் எது, தெரு எது என்று சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்டுவிட்டு, "அறை காலியில்லை" என்று சொன்ன வீடுகள் உண்டு. அந்த வீடுகளிலும் சிவராத்திரிக்குத் 'திருவிளையாடல்' ஓடியிருக்கும். விறகு சுமக்கும் இறைவனைக் கண்டு அங்கும் கண் கலங்கியிருப்பார்கள்.

எனவே தோழர்களே, இப்படங்களைப் பார்த்து ஏளனம் செய்யாதீர்கள். பாட்டியின் தலைநிமிர்வை எந்தப் பாடநூலும் அவருக்குக் கொடுக்கவில்லை. அந்தப் படம் கொடுத்தது. நீங்களும் பாருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். கண்ணைத் துடைத்தபின், நம் வீட்டுக் கதவு யாருக்கேனும் மூடியிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பாருங்கள்.