12 தந்தி கிடார் வேணுமா, பெடல் போதுமா?

நம்ம பேரவை இசைக்குழுவுக்குக் கிடார் வாங்கலாம்னு பேச்சு வந்ததிலிருந்து கேன்டீன்ல ரெண்டு கட்சி. ராக் பாட்டுன்னா 12 தந்தி எலக்ட்ரிக் கிடார்தான் என்கிறது ஒரு கட்சி. இருக்கிற ஆறு தந்திக் கிடாருக்கு ஒரு கோரஸ் பெடல் போட்டா அதே சத்தம் வந்துடும், காசும் மிச்சம் என்கிறது இன்னொன்று. நான் முதல் கட்சி. ஆனால் அவங்க சொல்ற காரணத்துக்காக இல்லை.

12 தந்தி என்றால் 12 தனி ஸ்வரம் அல்ல, ஆறு ஜோடி. மெல்லிய இரண்டு ஜோடிகளில் இரு தந்திக்கும் ஒரே சுருதி. மற்ற நான்கிலும் ஒன்று தடிமன், அதன் துணை ஒரு ஸ்தாயி மேலே. ஒரே சுருதியில் சேர்த்தாலும் மயிரிழை விலகத்தான் செய்யும். ஒன்று 440, மற்றது 441 ஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு ஒரு விம்மல். இசைக்கவையைத் தட்டிப் படித்தோமே, அதேதான். ஒர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டரோடு நாம் துரத்துகிற அந்தச் சின்னப் பிழைதான் இங்கே இனிமை! கோரஸ் பெடல் சத்தத்தைத் துளி தாமதித்து, அசைத்து, மூலத்தோடு கலந்து இதற்கு நகல் எடுக்கிறது. எல்லாத் தந்திக்கும் ஒரே அசைவு. மேல் ஸ்தாயித் தந்தியின் மணிச் சத்தம் அதில் கிடையாது.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் நியூயார்க் போனபோது ரிக்கன்பேக்கர் கம்பெனியின் 12 தந்தி ஒன்று ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு வந்தது. அதே வருஷம் 'ஏ ஹார்ட் டேஸ் நைட்' படத்தில் அதைப் பார்த்துவிட்டு பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வினும் ஒன்று வாங்கினார். அதன் தலையை மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கணும். சுருதி சேர்க்கிற சாவி ஆறு பக்கவாட்டில், ஆறு பின்பக்கமாக. தலை நீளவே இல்லை. கழுத்து வளையாமலிருக்க உள்ளே இரண்டு இரும்புக் கம்பி. என்ன டிசைன்!

சரி, இது எல்லாப் பாட்டுக்கும் ஆகுமா? ஆகாது. என் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டையே இதில்தான். அவங்க இதிலேயே லீடும் வாசிக்கணும்கிறாங்க. தந்தியை இழுத்து ஒரு கமகம் பிடிச்சுப் பாருங்க: தடிமன் ஓர் அளவு ஏறும், துணை வேறு அளவு ஏறும். அபஸ்வரம்! இதற்கு நம்ம சென்னையிலேயே விடை கண்டவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். மாண்டலினும் ஜோடி வாத்தியம்தான், நான்கு ஜோடி. அவர் எலக்ட்ரிக் மாண்டலினில் ஜோடிகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைத் தந்தி போட்டார். கமகம் பேசியது. 2014-ல் 45 வயதிலேயே போய்விட்டார் அந்த மனுஷர்.

ஜான் மெக்லாலின் வேறு வழி பிடித்தார். 1970-களில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் அவர் தோளில் இரட்டைக் கழுத்துக் கிடார், ஒரு கழுத்தில் 12, இன்னொன்றில் 6. கார்டைப் பிரித்து மீட்ட 12; லீடுக்கு 6. எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். பிறகு எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் உட்கார்ந்தபோது 12 தந்தியை எடுக்கவில்லை. கமகத்துக்காக ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, ஒத்ததிர்வுக்குக் குறுக்காக ஏழு தந்தி கட்டிய தனிக் கிடார் செய்துகொண்டார். பின்னாளில் 'ரிமெம்பர் சக்தி'யில் ஸ்ரீநிவாஸும் அவரும் ஒரே மேடை.

ஆகவே என் ஓட்டு: 12 தந்தி வாங்குவோம், பழசானாலும் சரி. லீடுக்கு இருக்கிற ஆறு தந்தியே போதும். நாம ஒவ்வொருத்தரும் கட்டின சந்தாக் காசு இது. கேட்காமலே பெடலுக்குப் போகக்கூடாது. நூம்பலிலிருந்து மவுண்ட் ரோடு போய் ரெண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு வர அரை நாள் போதும். நான் வரத் தயார், பெடல் கட்சியிலிருந்து ஒருத்தர் கூட வரட்டும். விழா மேடையில் 12 தந்திக்குச் சுருதி சேர்க்கும்வரை விசிலடிக்கிற கூட்டத்தை யார் சமாளிப்பது என்பதை மட்டும் பேரவைக் கூட்டத்தில் முடிவு பண்ணிக்கலாம்.