சூரனைத் தூக்குவது யார்?

தீபாவளி முறுக்கு டின்னில் பாதி இருக்கும்போதே கந்தசஷ்டி வந்துவிடும். சென்ற ஐப்பசியிலும் அப்படித்தான் வந்தது. அந்த மாலை செந்தூலில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சின்னப் போர் மூண்டது.

வேலை விட்டு வந்த பேரன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான்: “அம்மா, நாளையிலிருந்து ஆறு நாளைக்கு எனக்குக் கவுச்சி வேணாம். கோயில்ல சூரன் தூக்கக் கூப்பிட்டிருக்காங்க.”

அடுப்படியில் மருமகள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “சாமிக்குத் தோள் கொடுக்கக் கூப்பிட்டா போ. அரக்கனைத் தூக்குற பாவம் என் பிள்ளைக்கு வேணாம். நீங்களாச்சும் சொல்லுங்க மாமா!”

நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்குட்டிப் பேத்தி குறுக்கே வந்தாள். “தாத்தா, சூரனைத் தூக்குற அண்ணனுங்க மேல சாமி கோவிச்சுக்குமா?”

நல்ல கேள்வி. பெரியவர்கள் நாம் கேட்க மறந்த கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலையே இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

திருவிழாவில் நடப்பது பொய்ப்போர்தான். ஆனால், அந்தப் பொய்ப்போருக்குக் குருக்களும் சாமியும் தயாராவதைப் பார்த்தால், மெய்யான படைக்குக்கூட இத்தனை ஒழுங்கு இருக்குமா என்று தோன்றும். முதல் நாள் குருக்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்கிறார். யாகசாலையில் தீ வளர்க்கிறார். விழா முடியும்வரை நோன்பு. தளபதிக்கு வாள் எப்படியோ அப்படி அவருக்கு அந்தக் காப்பு.

ஐந்தாம் நாள் ஆயுதம் வாங்கும் நாள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிக்கல் என்று ஓர் ஊர். அங்கே சிங்காரவேலர் தன் தாயிடம் வேல் வாங்குவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அம்மன் சந்நிதியிலிருந்து குருக்கள் வேலை எடுத்து வந்து முருகன் கையில் சாத்துகிறார். அந்த நேரத்தில் முருகன் திருமேனியில் வியர்வை முத்து முத்தாக அரும்புவதாக அடியார்கள் சொல்வார்கள். குருக்கள் பட்டுத் துணியால் அதை ஒற்றி எடுப்பார். சண்டைக்குப் போகும் மகன் முதலில் அம்மாவிடம் போகிறான் பாருங்கள். அம்மா உத்தரவு கொடுக்காமல் இந்தப் போர் தொடங்குவதே இல்லை.

ஆறாம் நாள் போர். இதற்குப் பேர்போனது திருச்செந்தூர்க் கடற்கரை. ஜெயந்திநாதர் வேலோடு கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். எதிரே அசுரன் வருகிறான். முதலில் யானைத்தலைத் தாரகன், பிறகு சிங்கமுகன், கடைசியில் சூரபத்மன். தலை மாறுமே தவிர, தூக்கி வரும் தோள்கள் அதேதான். வந்ததும் அசுரன் பாய்வதில்லை. முதலில் சாமியை மூன்று முறை சுற்றி வருகிறான். அதன்பிறகுதான் சண்டை. குருக்கள் சாமி கையிலுள்ள வேலை எடுத்துக்கொண்டு போய் அசுரன் கழுத்தில் வைக்கிறார். தலை இறங்குகிறது. மறுபடி இன்னொரு தலை ஏறுகிறது.

இந்தப் போரில் சாமி தாமாக நடப்பதில்லை, தாமாக வீசுவதில்லை. நடக்கும் கால் பாதந்தாங்கிகளுடையது. வேல் எடுக்கும் கை குருக்களுடையது. அசுரனுக்கும் அப்படித்தான். அவன் ஆடுவதும் குதிப்பதும் நம் பிள்ளைகளின் தோள்பலம். இரண்டு பக்கமும் அடியார்களே. தமிழ்நாட்டில் பல ஊர்களில் செங்குந்தர் மரபினர் வீரபாகு முதலான நவவீரர் வேடம் பூண்டு முருகன் படையாக நிற்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இதற்குச் ‘சூரன் போர்’ என்றே பெயர். இளைஞர்கள் சூரனைத் தோளில் வைத்துக்கொண்டு வீதியில் ஓடுவதும் ஆட்டுவதும் பார்க்கப் பார்க்க அலுக்காது. யாழ்ப்பாணத்தார் எழுப்பிய பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலும் இந்தப் போர் நடப்பதுண்டு. பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் போரைப் பாட்டாக எழுதி வைத்தவரும் ஒரு குருக்கள்தான். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் பூசை செய்தவர் கச்சியப்ப சிவாசாரியார். அவர் பாடிய கந்தபுராணத்தில் ஆறு காண்டங்கள், 10,345 பாடல்கள். ஒரு நாளைக்கு நூறு பாட்டு எழுதி, இரவில் சந்நிதியில் வைத்துவிட்டுப் போவாராம். காலையில் வந்து பார்த்தால் முருகனே திருத்தி வைத்திருப்பானாம். குருக்கள் எழுத, சாமி பிழை பார்த்த கதை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அப்படித் திருத்தப்பட்ட கதையில் என்ன இருக்கிறது? எடுத்த எடுப்பிலேயே சூரன்மேல் வேல் பாயவில்லை. முருகன் முதலில் வீரபாகுவைத் தூது அனுப்புகிறான். “சிறையில் வைத்த தேவர்களை விட்டுவிடு” என்பதுதான் செய்தி. சூரன் கேட்கவில்லை. சண்டை வருகிறது. நடுவில் முருகன் தன் பேருருவைக் காட்ட, சூரனுக்கு ஒரு கணம் நல்ல புத்தி வருகிறது. கும்பிடலாமா என்றுகூட நினைக்கிறான். மறுகணம் ஆணவம் திரும்பிவிடுகிறது. கடைசியில் கடலுக்குள் மாமரமாய் நிற்கிறான். வேல் மரத்தைப் பிளக்கிறது. இரண்டு பாதியும் சேவலும் மயிலுமாகிச் சீறி வருகின்றன. அப்போதும் முருகன் கொல்லவில்லை. அருட்கண்ணால் பார்க்கிறான். சேவல் கொடியாகிறது. மயில் வாகனமாகிறது. நேற்றுவரை எதிரியாக இருந்தவனுக்கு இன்று சாமியைச் சுமக்கும் உத்தியோகம்!

போர் முடிந்த கையோடு திருச்செந்தூரில் சாயாபிஷேகம் என்று ஒன்று செய்கிறார்கள். ஜெயந்திநாதர் முன்னே கண்ணாடி வைத்து, அதில் தெரியும் நிழலுக்கு அபிஷேகம். களைத்து வந்தவருக்குக் குளிர்ச்சி. மறுநாளே திருக்கல்யாணம். திருத்தணியிலோ சூரசம்ஹாரமே கிடையாது. முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை அது. அங்கே அன்றைக்குப் பூவால் அர்ச்சனை செய்து புஷ்பாஞ்சலி நடத்துகிறார்கள். ஆக, இந்தப் போருக்குத் தொடக்கம் நோன்பு, முடிவு கல்யாணம்.

மெய்ப்போர் இப்படி முடிவதில்லை. நம் பாட்டன் பாட்டிகளைக் கேட்டிருந்தால் தெரியும். நான் குடியிருக்கும் இதே செந்தூலில் ரயில்வே பட்டறைமேல் 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. அதற்கு முன்பு, 1942-இல் ஜப்பான்காரன் சயாம் மரண ரயில் பாதை வேலையைத் தொடங்கினான். 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து லயம் லயமாக ஆட்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம். என் அம்மாவின் மூத்த அண்ணன் அப்படிப் போனவர். எந்தக் குருக்களும் காப்புக் கட்டாத போர் அது. தூதும் இல்லை, மறுநாள் கல்யாணமும் இல்லை. அம்மா சாகும்வரை அந்த அண்ணனுக்குத் திதி கொடுக்க நாள் தெரியாமல் ஆடி அமாவாசையில்தான் படைத்து வந்தார்.

அதனால்தான் பொய்ப்போரை நான் சின்னதாக நினைப்பதில்லை. பகையை எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்று வருடத்துக்கு ஒருமுறை அது சொல்லிக் கொடுக்கிறது. நான் அதைப் படித்தது கிள்ளான் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் தோட்டத்துக் கோயிலில் இரண்டு கட்சி. முதல் மரியாதை யாருக்கு என்பதில் தொடங்கிய தகராறு, கிணற்றடி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு கட்சியில் என் அப்பா, இன்னொன்றில் பெரியப்பா. கூடப்பிறந்தவர்கள், அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டுகிறவர்கள், இரண்டு வருடமாகப் பேச்சில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் பக்கத்தில் நிற்பார்கள். முகம் மட்டும் வேறு பக்கம் பார்க்கும்.

அந்த வருடம் சஷ்டிக்குச் சாமி தூக்குவது அப்பாவின் கட்சி என்று முடிவானது. பெரியப்பாவின் ஆட்கள் “அப்படின்னா நாங்க கோயில் பக்கமே வரல” என்று எழுந்துவிட்டார்கள். எங்கள் பூசாரி பெரிய படிப்பாளி அல்ல. காலையில் பால் வெட்டி, குளித்து, மாலையில் விளக்கு வைப்பவர். அவர் கோபப்படவில்லை. பெரியப்பாவின் வீட்டு வாசலில் போய் நின்றார். “அண்ணே, சூரனைத் தூக்க ஆள் இல்லேன்னா சண்டை இல்லை. சண்டை இல்லேன்னா கெளம்பின சாமி கோயிலுக்குள்ள எப்படித் திரும்பும்? நீங்க தூக்குங்க. ஆனா ஒண்ணு, அவங்களுக்குக் கட்டின அதே காப்பு உங்களுக்கும். அதே விரதம்.”

பெரியப்பா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையை நீட்டினார்.

மூங்கிலும் காகிதமும் கொண்டு சூரனைச் செய்தார்கள். தோட்டத்துப் பந்துத் திடல்தான் எங்கள் திருச்செந்தூர். உறுமி மேளம் முழங்க, இந்தப் பக்கம் சாமியைத் தூக்கி அப்பா. அந்தப் பக்கம் யானைத்தலையைத் தூக்கிப் பெரியப்பா. நேருக்கு நேர். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அன்றைக்குத்தான். வேறு வழி? பார்க்காமல் தூக்கினால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஒருவர் ஓர் அடி வைத்தால் மற்றவர் ஓர் அடி பின்வாங்க வேண்டும். மூன்று சுற்றும் முடிந்து மாமரம் சாய்ந்தபோது இருவருக்கும் தோள் வீங்கிப் போயிருந்தது.

பூசாரி விபூதித் தட்டை எடுத்தார். எல்லாரும் சாமி பக்கம் போவார் என்று நின்றிருந்தோம். அவர் நேராகத் திடலைக் கடந்து சூரன் தூக்கியவர்களுக்குத்தான் முதலில் பூசினார். “தோத்தவங்களுக்குத்தான் மொதல்ல களைப்பு தீரணும்” என்றார். அப்பா பானக வாளியிலிருந்து ஒரு மங்கு மொண்டு பெரியப்பாவிடம் நீட்டினார். வார்த்தை எதுவும் இல்லை. அவர் வாங்கிக் குடித்தார்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது சினிமா. மரியாதைத் தகராறு இன்னும் சில காலம் இழுத்தது. ஆனால், அடுத்த தை மாதம் என் அக்கா கல்யாணத்தில், பெண்ணுக்குப் பெரியப்பனாக மணவறையில் நின்றவர் அவர்தான். கல்யாணத்துக்கு அழைக்கப் போன அப்பாவிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “போன ஐப்பசியில அடி பார்த்து வச்சியே, அத மறக்கல தம்பி.”

அந்தத் தோட்டம் இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. எங்கள் லயத்து ஆட்கள் கிள்ளான், ஷா ஆலம், செந்தூல் என்று சிதறிப் போனோம். அடுக்குமாடியில் எதிர்வீட்டுக் கதவு யாருடையது என்று தெரியாமலே பல வருடம் ஓடிவிடுகிறது. கோயில்கள் பெரிதாகிவிட்டன, சண்டை மட்டும் தோட்டத்தில் இருந்த அதே அளவில்தான் இருக்கிறது. சங்கத் தேர்தல், பொறுப்பு, மேடையில் மாலை என்று பேர் மட்டும் வேறு. எங்கே தொடங்கினாலும், நிறுத்துவதற்கு ஒரு பூசாரி கிடைப்பதுதான் அரிது.

இதையெல்லாம் பேத்திக்குச் சொல்லி முடித்தபோது அடுப்படியில் சத்தமே இல்லை. மருமகள் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள்.

“அப்போ சூரனுக்கும் விரதம் உண்டா மாமா?” என்றாள்.

“சாமி தூக்குறவங்களுக்கு என்னவோ அதேதான், தாயி.”

அவள் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. மிச்சமிருந்த தீபாவளி ஆட்டுக்கறியை அப்படியே எடுத்துப்போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். எதிர்வீட்டாரோடு அவள் பேசியதே அன்றைக்குத்தான் முதல் தடவை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆறு நாளும் வீட்டில் எல்லாருக்குமே சைவம்.

சம்ஹாரத்தன்று கூட்டத்தில் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். சிங்கமுகன் குதித்து வந்தபோது சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் சாமிக்கு அரோகரா போட்டார்கள். இவள் மட்டும் “அண்ணே, பாத்து! பாத்து!” என்று கத்தினாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. கையில் துண்டும் தண்ணீர்ப் போத்தலுமாகச் சூரன் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

வரும் ஐப்பசியில் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். சாமியைக் காட்டுங்கள், அப்படியே சூரனுக்கு அடியில் வியர்த்துக் கொட்டும் அந்தப் பையன்களையும் காட்டுங்கள். உங்கள் தோட்டத்தில் சூரனைத் தூக்கியவர் யார் என்று எழுதியும் அனுப்புங்கள். சாமி தூக்கியவர்களின் படம் எல்லார் வீட்டிலும் இருக்கும். மற்றவர்களை நாம்தான் நினைவு வைக்க வேண்டும்.