பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் எதற்குப் போட்டி?



இந்தப் பதிவைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரும். என் வகுப்பு உம்மாமாருக்கே வரலாம். பரவாயில்லை. இதில் முதல் பிழை என்னுடையது. அதனால் என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். போன தவணையில் ஒருநாள் இடைவேளைக்கு ஒரு பிள்ளை பெட்டியைத் திறந்தது. சோற்றை உருட்டிச் செய்த பண்டாக் கரடி, கடற்பாசித் தாளில் வெட்டிய கண்ணும் காதும், கால் விரித்த ஒக்டோபஸ் மாதிரி சொசேஜஸ், கரட் பூ. யூடியூப்பில் பார்க்கும் ஜப்பான் 'பென்டோ' சாப்பாடு அப்படியே எங்கட மேசையில். ஆசையில் படம் எடுத்து வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "மாஷா அல்லாஹ், சூப்பர் உம்மா" என்று எழுதி ஒரு இதயமும் வைத்தேன்.

அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் குரூப் நிறையப் படங்கள். முயல் வடிவில் முட்டை, பூனை முகத்தில் சான்ட்விச், வானவில் நிறத்தில் சோறு. "டீச்சர், எங்கட மகன்ட சாப்பாட்டையும் போடுங்களேன்" என்று தனியாக மெசேஜ்கள். இப்போது அடுத்த தவணையில் 'சிறந்த சாப்பாட்டுப் பெட்டி' என்று போட்டி வைத்துப் பரிசு கொடுக்கலாம் என்று பெற்றோர் சிலர் சொல்கிறார்கள்.

அந்தப் போட்டி வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது. யாரென்று தேட வேண்டாம், அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை. உம்மம்மாதான் சுபஹுக்கு முன்னால் எழும்பி, தேங்காய் துருவி, ரொட்டி சுட்டு, கட்டசம்பலோடு கொடுத்தனுப்புகிறார். அந்தப் பிள்ளை முன்பெல்லாம் பக்கத்துப் பிள்ளைக்கும் பிய்த்துக் கொடுத்துச் சாப்பிடும். படங்கள் தொடங்கிய பிறகு பெட்டி மூடியை நிமிர்த்திச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து சாப்பிட்டது. பிறகு சாப்பிடுவதையே நிறுத்தியது. கேட்டால், "பசிக்கல்ல டீச்சர்."

ஒருநாள் கொப்பி எடுக்க அதன் பையைத் திறந்தேன். ரொட்டி மடித்தபடியே இருந்தது. அந்த உம்மம்மாவின் உழைப்பு, என்னுடைய ஒரு இதயக் குறியால், வெட்கப்படும் சாப்பாடாகிவிட்டது. அன்றைக்கு எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

"அதற்காக நாங்கள் அழகாகச் செய்யக் கூடாதா?" என்று கேட்பீர்கள். செய்யுங்கள். மரக்கறி தொடாத பிள்ளை, கரட்டைப் பூவாக வெட்டினால் தின்னுமென்றால் வெட்டிக் கொடுங்கள். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. உங்கள் பிள்ளைக்காகச் செய்யுங்கள், குரூப்புக்காகச் செய்யாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. காலையில் படம் எடுத்த பிறகுதான் பெட்டியை மூடுகிறோம் என்றால், அந்தச் சாப்பாடு யாருக்கு?

நாங்கள் ஜப்பானைப் பார்த்துச் செய்கிறோம் என்கிறோம். சரி, முழு ஜப்பானையும் பார்ப்போமே.

அங்கே பென்டோ என்பது பழைய வழக்கம். வெறும் வெள்ளைச் சோறு, நடுவில் ஒரு உப்பிட்ட உமே காய். அதுவும் பேர்போன பென்டோதான். கரடியும் பூனையுமாகச் செய்வதை 'கியாராபென்' என்பார்கள். அது பின்னால் வந்தது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் பெட்டி எப்படி அந்தத் தாயை அளக்கும் கோலாகிவிடுகிறது என்று அன் அலிசன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1991இலேயே எழுதியிருக்கிறார். அவருடைய மகனும் அங்கே பாலர் பாடசாலையில் படித்தவர். நாங்கள் ஆசையாக இறக்குமதி செய்வது அந்தத் தாய்மாரின் தலைச்சுமையையும்தான்.

எங்கட வயதுப் பிள்ளைகள், அதாவது ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள், அங்கே பெரும்பாலும் பென்டோ கொண்டுபோவதே இல்லை. பாடசாலையில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. 'கியூஷொகு' என்று பெயர். 1889இல் யமகத்தா மாகாணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்ததிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. 1954இல் அதற்குச் சட்டமே வந்தது. பிள்ளைகளே முறை வைத்து வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுப் பரிமாறுவார்கள். டீச்சரும் அதே வகுப்பில் இருந்து அதையே சாப்பிடுவார். டொக்டரின் பிள்ளைக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒரே தட்டு.

இது எங்களுக்குப் புதுசா? எங்கட கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காரும்போது, பக்கத்தில் இருப்பவர் முதலாளியா மீன்காரரா என்று பார்ப்பதில்லை. நோன்பில் பள்ளிவாசல் கஞ்சி எல்லாச் சட்டிக்கும் ஒரே அண்டாவிலிருந்துதான் போகிறது. ஒரே சஹனில் தின்று வளர்ந்த சமூகம், ஏழு வயதுப் பிள்ளைகளைப் பெட்டியை வைத்துப் பிரிக்கலாமா?

இன்னுமொன்று, வகுப்பில் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன். காலை 6 மணிக்குக் கையால் உருட்டிப் பிசைந்த சோறு, இடைவேளைக்கு வரும்போது நாலு மணித்தியாலம் பழசு. எங்கட வெக்கைக்கு அது விளையாட்டல்ல. ஜப்பானில் சோற்றை நன்றாக ஆறவிட்ட பிறகுதான் மூடியைப் போடுவார்கள். நாங்கள் அவசரத்தில் ஆவியோடு மூடுகிறோம். உள்ளே வேர்த்துப் போகிறது. முழுத் திராட்சையும் வட்டமாக வெட்டிய சொசேஜஸும் சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கும். நீளவாக்கில் வெட்டுங்கள். கண் வைத்த அந்தச் சின்னக் குச்சிகளைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். பிள்ளைகள் அதைச் சாப்பிடவா பாவிக்கிறார்கள்? பக்கத்துப் பிள்ளையைக் குத்தத்தான்.

சத்தைப் பார்த்தாலும், அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், கடலை, முட்டையும் ரொட்டியும், குரக்கன் புட்டும் வாழைப்பழமும், நிறம் போட்ட சோற்றுக்கும் சொசேஜஸுக்கும் எந்த விதத்திலும் குறைந்தவையல்ல. படத்தில் அழகாக விழாது, அவ்வளவுதான்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. "அந்தப் பிள்ளைட உம்மாவைப் பாருங்க, எவ்வளவு வடிவாச் செய்றா" என்று வீட்டில் சொல்லாதீர்கள். வடிவாக வேண்டுமென்றால் நீங்கள் எழும்பிக் கரட்டை வெட்டுங்கள். வேலைக்குப் போகும் உம்மா, கைக்குழந்தையோடு இருக்கும் உம்மா, கடல் கடந்து போன உம்மா, எல்லாரும் உம்மாதான். தாய்ப்பாசத்தைப் பெட்டியைத் திறந்து அளக்க முடியாது.

ஆகவே நான் முடிவு செய்தவை:

1. இனி என் வகுப்பு குரூப்பில் சாப்பாட்டுப் படம் இல்லை. என் கையாலும் இல்லை, உங்கள் கையாலும் வேண்டாம்.

2. பெற்றோர் கூட்டத்தில் அந்தப் போட்டிக்கு எதிராகப் பேசுவேன். போட்டிக்கு ஒதுக்கும் காசில் பயறும் கடலையும் வாங்குவோம்.

3. கிழமையில் ஒருநாள் வகுப்புக்கு ஒரே சாப்பாடு. இயன்றவர் ஒரு கொத்து அரிசியோ பயறோ தரலாம். இயலாதவரை யாரும் கேட்கக் கூடாது. யார் தந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லவும் கூடாது.

மூன்றாவதை ஒருநாள் செய்து பார்த்துவிட்டேன். பயறு அவித்து, தேங்காய்ப்பூ போட்டு, பாய் விரித்து வட்டமாக இருத்தினேன். "யார் பங்கு வைப்பது?" என்று கேட்டதும் முதலில் எழும்பியது அந்த ரொட்டிப் பிள்ளைதான். எல்லாருக்கும் அளந்து போட்டு, தனக்கு இரண்டு தரம் போட்டுக்கொண்டது.

பசிக்கல்ல என்று சொன்ன அதே பிள்ளை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாகச் சொல்லுங்கள், கேட்கிறேன். சாப்பாட்டுப் படம் மட்டும் போட வேண்டாம்.