நட்சத்திரம் எவருக்கு?

கண்டி மாநகருக்கு வருவோர் அனைவரும் தலதா மாளிகையையும் ஏரியையும் கண்டுகளிக்க வருவோர் அல்லர். பேராதனையிலுள்ள விவசாயத் திணைக்களத்தில் அலுவல் பார்க்க வரும் கிளிநொச்சி விவசாயியும், பெரியாஸ்பத்திரியிற் கிடக்கும் மகளைக் காண ஹட்டனிலிருந்து வரும் தாயும், பிள்ளையைப் பல்கலைக்கழகத்திற் சேர்க்க வரும் யாழ்ப்பாணத்து ஆசிரியரும் ஓரிரவு தலைசாய்க்க இடம் தேடுகின்றனர். விடுதி வாயிலிற் பொறித்த நட்சத்திரம் இவர்களுக்கு வழிகாட்டுகின்றதா?

2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, விடுதிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குகின்றது. அதனை வீண் என்று நாம் கூறோம். முன்பின் அறியாத ஊருக்கு வரும் அந்நியனுக்கு அது ஓர் உறுதிமொழி. ஆயின் நட்சத்திரம் பெரிதும் எண்ணக்கூடியவற்றையே எண்ணுகின்றது: அறையின் பரப்பு, நீச்சற்குளம், மின்தூக்கி, விருந்து மண்டபம். முதல் பஸ்ஸில் கன்னொறுவைக்குப் புறப்படும் விவசாயிக்கு நீச்சற்குளம் எதற்கு? அவர் வேண்டுவது விடியலில் வெந்நீரும், மரக்கறிச் சாப்பாடும், நகருக்கு அண்மையும் அன்றோ! மலையுச்சி விடுதியின் காட்சி அழகியதுதான். ஆனால் அங்கு ஏறியிறங்கும் முச்சக்கரவண்டிக் கூலியை எந்த நட்சத்திரமும் சொல்வதில்லை.

இன்னொன்று. விருந்தினரை அழைத்துவந்த சாரதி எங்கே உறங்குகின்றார்? பளிங்குத் தளமிட்ட விடுதிகளிலும் அவருக்குப் புழுங்கும் ஒரு மூலையே கிடைப்பதுண்டு. மறுநாட் காலை கடுகண்ணாவை வளைவுகளிற் குடும்பமொன்றின் உயிர் அவர் கையிலிருக்கின்றது. சாரதியின் படுக்கையும் விருந்தினரின் தேவையே என்பது நம் துணிபு.

1987 இல் தமிழும் அரசகரும மொழியெனச் சட்டமாயிற்று. தீ மூண்டால் எவ்வழி வெளியேறுவது என்ற அறிவித்தலேனும் அறைக் கதவில் தமிழில் இருத்தல் வேண்டாமா?

எனவே அதிகாரசபையினரை நாம் கேட்பது இது: நட்சத்திரத்திற்கு அருகே, வெந்நீர் கிடைக்கும் நேரம், உணவு வகை, சாரதி தங்குமிடம், ஆஸ்பத்திரிக்கும் புகையிரத நிலையத்திற்கும் உள்ள தூரம், எசல பெரஹரா நாட்களின் வாடகை ஆகியவற்றை மும்மொழியிலும் எழுதி வாயிலில் தொங்கவிடச் செய்யுங்கள். நட்சத்திரமே இல்லாத சிறு விடுதிகளையும் விட்டுவிடாதீர்கள். நம்மவரிற் பெரும்பாலோர் தங்குவது அங்கேதான்.