பிக்கப்பை மாத்தினா வாசிப்பு மாறிடுமா?

எலக்ட்ரிக் கிடார் வாங்கின கையோட "கம்பெனி பிக்கப் வேஸ்ட், மாத்திடு"ன்னு உபதேசம் பண்ற மக்களே, பி.காம் படிக்கிறவன் கேக்கறேன்: கணக்கு போட்டுப் பாத்தீங்களா?

பிக்கப்ல என்ன இருக்கு? காந்தம், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து செம்புக் கம்பி. மேல ஸ்டிரிங் அதிர்ந்தா கரண்ட் வரும். அவ்ளோதான் மேட்டர். இன்னிக்கு கொள்ளை விலைக்குப் போற 'பி.ஏ.எஃப்' பிக்கப், சேத் லவர் வடிவமைச்சு 1957ல கிப்சன் லெஸ் பால் கிடார்ல வந்தது. அப்போ அதுவும் கம்பெனி போட்டுக் குடுத்த பிக்கப்தான் சாமி!

எங்க சடையங்குப்பம் பக்கம் உப்புக்காத்து. மொதல்ல துருப்பிடிச்சு சத்தம் மங்குறது ஸ்டிரிங்தான், காந்தம் இல்ல. புது ஸ்டிரிங் செட் சில நூறு ரூபாய். ஸ்க்ரூ டிரைவரால பிக்கப் உயரத்தை ஏத்தி இறக்கிப் பாக்க செலவே இல்ல. பேர்போன பிராண்ட் பிக்கப் செட்டோ, நாம வாங்குற கிடார் விலையையே தொடும். அந்தக் காசை நல்ல ஆம்ப்ல போடுங்க. சத்தம் கடைசியா வெளிய வர்றது அதோட ஸ்பீக்கர்லேர்ந்துதானே?

காயில் அறுந்துபோச்சு, வால்யூம் ஏத்தினா கீச்சுன்னு கத்துது, அப்படின்னா தாராளமா மாத்துங்க. மத்தபடி "அண்ணன் சொன்னார்"னு மாத்துறது முதலீடு இல்ல, வெட்டிச் செலவு. இல்லைங்கறவங்க சண்டைக்கு வரலாம்!