தானியத்திலும் ஜாதியா?

நம் தேசத்தில் ஜாதியானது மனிதனோடு மாத்திரம் நின்றுவிடவில்லை. அவன் குடியிருக்கும் தெருவுக்கு ஜாதி, தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்கு ஜாதி, செத்தால் போகும் சுடுகாட்டுக்கு ஜாதி என்பது யாவரும் அறிந்ததேயாகும். ஆனால் அவன் தின்னும் தானியத்திற்கும் ஜாதி உண்டு என்பதை நம்மில் அநேகர் யோசித்துப் பார்ப்பதே கிடையாது. நெல்லுச்சோறு மேல், களியும் கூழும் கீழ். "கூழ் குடிக்கிற பயல்" என்றால் அது வசவு. இந்த மேல் கீழை எந்த வைத்தியன் கண்டுபிடித்தான்? எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள்? ஒருவரும் பார்க்கவில்லை. தன்னை உயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டவன் தின்றது உயர்ந்த ஆகாரம். அவனால் தாழ்த்தி வைக்கப்பட்டவன் தின்றது தாழ்ந்த ஆகாரம். இவ்வளவுதான் இதற்குள்ள சாஸ்திரம்.

இதற்கு உதாரணம் வேண்டுமானால் நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையைப் பார்க்கலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டை அடைந்தால், அதைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். இம்மக்கள் சாமையிலே கட்டவெட்டி சாமை, மல்லியசாமை, பெருஞ்சாமை என்றும், தினையிலே செந்தினை, பெருந்தினை என்றும், கேழ்வரகிலும் அதுபோலவே பல ரகங்களாகவும் பிரித்து விதைத்து வந்தார்கள். ஏன் இத்தனை ரகம்? ஒன்று முன்னால் விளையும், மற்றொன்று பின்னால் விளையும். ஒன்று மேட்டு நிலத்தைத் தாங்கும், மற்றொன்று மழை குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று வயிற்றைக் காப்பாற்றும். எந்தச் சர்வகலாசாலையிலும் படித்துப் பட்டம் பெறாதவர்கள் கண்ணால் பார்த்து, கையால் சோதித்து, தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த காரியம் இது. இதற்குப் பெயர் பகுத்தறிவு அல்லாமல் வேறென்ன?

அப்படிப்பட்ட தானியங்கள் அம்மலையில் இன்று வெகுவாகக் குறைந்துபோய்விட்டன. சாமை நின்ற சரிவுகளில் மரவள்ளி நிற்கிறது. அந்தக் கிழங்கு லாரி ஏறிக் கீழே போய், ஜவ்வரிசி ஆலைகளில் மாவாகிறது. இதற்காக மலைமக்களைக் குறை சொல்லுவது அயோக்கியத்தனமாகும். மரவள்ளி பணம் தருகிறது, சாமை தரவில்லை. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. 2011 முதல் தமிழ்நாட்டில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அன்றியும் சாமையை உமி நீக்கிச் சோறாக்குவது லேசான வேலையல்ல. உரலும் உலக்கையுமாக அந்த வேலையைச் செய்தது யார்? பெண்கள்தான். அந்த உலக்கையை அவர்கள் கீழே போட்டதை நாம் வரவேற்கிறோமேயன்றி வருத்தப்படமாட்டோம்.

ஆனால் இக்காரணங்களோடு வெட்கம் என்ற ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அரிசிச் சோறு நாகரிகத்தின் அடையாளமாயும், சாமைச் சோறு காட்டான் என்பதற்கு அடையாளமாயும் ஆக்கப்பட்டிருக்கிறது. சர்க்கார் புத்தகங்களே இத்தானியங்களை வெகுகாலம் "முரட்டுத் தானியம்" என்று பொருள்படும்படியாகத்தான் எழுதி வந்தன. பணத்தால் வந்த மாறுதலை நியாயம் என்று ஒப்புக்கொள்ளலாம். வெட்கத்தால் வந்த மாறுதலை எப்படி ஒப்புக்கொள்வது?

மற்ற தேசத்தார் எப்படி நடந்துகொள்ளுகிறார்கள் என்று பார்ப்போம். எத்தியோப்பியாவிலே டெஃப் என்று கடுகினும் சிறிய ஒரு தானியம் உண்டு. அதை மாவாக்கிப் புளிக்கவைத்து, நம் தோசையைப்போல் பெரிதாகச் சுட்டு, இஞ்சரா என்று பெயரிட்டு உண்ணுகிறார்கள். ஏழை தின்னுவதும் அதுவே, பணக்காரன் தின்னுவதும் அதுவே. பலர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, கையால் பிய்த்து, ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டி மரியாதை செய்வது அங்குள்ள வழக்கம். அங்கும் பேதமில்லை என்று சொல்ல வரவில்லை. கிறிஸ்தவர் அறுத்த மாமிசத்தை முஸ்லீம்களும், முஸ்லீம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவரும் உண்ணாத வழக்கம் அங்கேயும் உண்டு. மதம் நுழைந்த இடமெல்லாம் அப்படித்தான். ஆனாலும் தன் மண்ணில் விளைந்த தானியத்தைத் தின்ன அவர்கள் வெட்கப்படவில்லை. நாமோ 1924, 25-ம் வருஷங்களில், பொதுஜனங்கள் பணம் கொடுத்து நடந்த சேரன்மாதேவி குருகுலத்திலேயே, பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி கூடாது என்று கிளர்ச்சி செய்யவேண்டிய நிலையில் இருந்தவர்கள்.

இனி ஜப்பானைப் பார்ப்போம். அங்கும் தீட்டிய வெள்ளை அரிசியே அந்தஸ்தென்று கருதப்பட்டது. அதன் பலனாகப் பெரிபெரி என்ற கால்வீக்க நோய் கப்பற்படையில் நூற்றுக்கணக்கானவர்களைப் படுக்கவைத்தது. 1880-களில் தக்காகி என்னும் கப்பற்படை வைத்தியர் ஆகாரத்தை மாற்றி, பிறகு அரிசியோடு பார்லியையும் கலந்து கொடுக்கும்படி செய்தார். கப்பற்படையில் நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. தரைப்படையின் பெரிய வைத்தியர்களோ இதை ஏற்க மறுத்தார்கள். 1904, 05-ல் ருஷ்யாவோடு நடந்த யுத்தத்தில் பல்லாயிரம் ஜப்பானியச் சிப்பாய்கள் அந்நோயால் மாண்டார்கள். தவிட்டை நீக்கிய அரிசியே குற்றவாளி என்பதற்கு வழிகாட்டியவர், ஜாவாவில் கோழிகளை வைத்து ஆராய்ந்த எய்க்மன் என்ற டச்சு வைத்தியர். அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளையாயிருப்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது என்பதை மனிதன் விஷயத்தில் உணர்வதற்கு முன்பே கோழி விஷயத்தில் உணர்ந்துவிட்டார்கள்!

"நம் முன்னோர் ஆகாரம், நம் சனாதன ஆகாரம்" என்று பேசும் வைதீகர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் குழம்பில் போடும் மிளகாய், கறிக்குப் போடும் உருளைக்கிழங்கு, ரசத்தில் கரைக்கும் தக்காளி ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மரவள்ளியும் அங்கிருந்து வந்ததே. காலையில் குடிக்கும் காப்பி எத்தியோப்பியாவில் பிறந்து, முஸ்லீம்களாகிய அரபியர் கை வழியாக வந்தது. நாம் நம்முடையதென்று நினைக்கும் கேழ்வரகுகூட ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்ததே. கடல் தாண்டிப் போய்வந்த மனிதனுக்குப் பிராயச்சித்தம் விதித்தவர்கள், கடல் தாண்டி வந்த மிளகாய்க்கு என்ன பிராயச்சித்தம் செய்தார்கள்? நாக்குக்கு ருசித்தால் சாஸ்திரம் வாயை மூடிக்கொள்ளும் என்பதுதானே இதன் அர்த்தம்?

இது நிற்க, இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2018-ல் இந்திய சர்க்கார் "முரட்டுத் தானியம்" என்ற பெயரை மாற்றிச் "சத்துத் தானியம்" என்றார்கள். 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய வருஷமாகக் கொண்டாடிற்று. அதே வருஷத்திய பட்ஜெட்டில் இத்தானியங்களுக்கு "ஸ்ரீ அன்னம்" என்று பட்டமும் சூட்டினார்கள். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கிவைத்தவர்களுக்கு "ஹரிஜன்" என்று பெயர் சூட்டிவிட்டு, கிணற்றையும் கோவிலையும் அடைத்தே வைத்திருந்தவர்கள் தேசமல்லவா இது? பெயருக்கு முன்னால் ஸ்ரீ போட்டால் சாமைக்கு விலை வந்துவிடுமா? அல்லது விதைத்தவன் வீட்டுக்குத்தான் அந்த விலை வந்து சேருமா?

தென்னமெரிக்காவின் பொலிவியா, பெரு தேசங்களில் நடந்தது நமக்கு ஒரு பாடம். அங்கு கீன்வா என்ற தானியம் மலைநாட்டு ஆதிக்குடிகளின் ஆகாரமென்று வெகுகாலம் இழிவாகக் கருதப்பட்டது. பிறகு பணக்கார தேசத்தார் அதன் சத்தைக் கண்டு வாங்கத் தொடங்கினார்கள். 2013-ம் வருஷம் கீன்வா வருஷமாகவும் ஆயிற்று. விலை பல மடங்கு ஏறிற்று. உடனே பல தேசங்களிலும் பயிரிட்டார்கள். 2015-க்குள் விலை சரிந்தது. இழிவும் பெருமையும் பிறர் சொல்லித்தான் வரவேண்டும் என்றால், அந்தப் பெருமை இப்படித்தான் போகும்.

ஆகையால், "முன்னோர் தின்றார்கள், நாமும் தின்போம்" என்று யாராவது சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். முன்னோர் உடன்கட்டையும்தான் ஏற்றினார்கள். "சாமை தின்றால் சகல வியாதியும் தீரும்" என்று பட்டணத்தில் பொட்டலம் விற்கும் புரட்டையும் ஒப்புக்கொள்ள மாட்டோம். சோதித்துப் பார்த்ததைச் சொல்லுங்கள்: 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இதுவே போதுமான காரணம். அதுபோலவே, ஒரு காலத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாத்திரம் நெல்லுச்சோற்றைக் கண்ட ஏழைக்கு இன்று தினமும் அரிசி கிடைப்பதையும் நாம் குறைவாகப் பேசமாட்டோம். அது அவனுடைய உரிமை. அரிசியைப் பிடுங்கிக்கொண்டு களியைக் கொடு என்பதல்ல நம் வாதம். இரண்டையும் சமமாக வைத்து, அவனையே தேர்ந்துகொள்ள விடு என்பதுதான்.

செய்யவேண்டியது என்ன? கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து விதைகளைத் திரட்டுவது, உமி நீக்கும் இயந்திரம் வைப்பது, பெண்கள் சங்கங்கள் மூலம் விற்பது முதலிய வேலைகளைச் செய்து காட்டியிருக்கிறது. இயந்திரம் வந்த இடத்தில்தான் சாமைக்கும் எதிர்காலம் உண்டு; பெண்ணின் தோள்வலியை நம்பிய பண்பாடு அழிவதே மேல். 2023-ல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதுபோல மலையில் விளையும் சாமையைச் சர்க்காரே நல்ல விலைக்கு வாங்கி, அம்மலைப் பிள்ளைகள் படிக்கும் விடுதிகளிலும் பள்ளிகளிலும் பரிமாறட்டும். தன் தாய் விளைவித்த தானியம் பள்ளிக்கூடத் தட்டில் மரியாதையாக விழுவதைப் பார்க்கும் பிள்ளை, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படாது.

நம் தோழர்கள் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. நம் கல்யாணங்களில் புரோகிதரை விலக்கினோம், தனிப்பந்தியை ஒழித்தோம். இனி அந்த இலையிலே நெல்லுச்சோற்றுக்குப் பக்கத்தில் சாமைச் சோறும், ஒரு உருண்டைக் களியும் இருக்கட்டும். ஊர்ப் பெரிய மனிதரும் அதையே உண்ணட்டும், உழுதவரும் அதையே உண்ணட்டும். "இது என்ன கூழ்குடிக் கல்யாணமா?" என்று யாராவது கேட்டால், "ஆமாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.