சுரப்பியை முழுசாக எடுக்கணுமா? டாக்டர்களே, எல்லா வழியையும் சொல்லுங்கள்!

திருப்பூரில் ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். 12 மணி நேரம் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. அப்படி உட்காருகிற டெய்லருக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்? வேலை போச்சு. வெளியே சொல்லவும் வெட்கம்.

புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து, அறுவை செய்துகொண்ட பலருக்கு இந்தக் கஷ்டம் உண்டு. இல்லற வாழ்க்கையும் பாதிக்கும்.

பிரிட்டனில் ஆரம்ப நிலை நோயாளிகள் 1,643 பேரை மூன்று பிரிவாக்கி, சுமார் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, இன்னொன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவது பிரிவுக்குக் கண்காணிப்பு மட்டும். 2023-ல் முடிவு வந்தது. எந்தப் பிரிவானாலும் இந்த நோயால் இறந்தவர் 100-க்கு 3 பேர் அளவுதான். ஆனால் அறுவைப் பிரிவில், 7 முதல் 12 ஆண்டுகள் கழித்தும் 100-க்கு 18 முதல் 24 பேர் கசிவுக்குத் துணி வைக்க வேண்டியிருந்தது!

இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. கட்டி உள்ள பகுதியை மட்டும் ஒலி அலையால் சுடுவது, அல்லது உறைய வைப்பது, அல்லது மின்சாரத் துடிப்பால் அழிப்பது. மீதிச் சுரப்பி அப்படியே இருக்கும். கசிவும் குறைவு.

"ஒரு ஓட்டைக்காகத் துணி ரோலையே தூக்கிப் போடுவோமா?" என்று நம்ம ஊர்க்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனாலும் சிறுநீரக அறுவை டாக்டர்களில் பலர் தயங்குகிறார்கள். காரணம் இருக்கிறது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எம்.ஆர்.ஐ.யும் சதைப் பரிசோதனையும் சின்னக் கட்டியைத் தவறவிடலாம். மீதிச் சுரப்பியில் நோய் திரும்பினால் மறுபடி வைத்தியம். பல ஆண்டு ஒப்பீட்டு ஆதாரமும் போதாது. அதனால்தான் ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம், இதை ஆய்வுக்கோ பதிவேட்டுக்கோ உட்பட்டே செய்யுங்கள் என்று வழிகாட்டுதலில் எழுதியது.

தயங்கட்டும், தப்பில்லை. வாயே திறக்காமல் இருப்பதுதான் தப்பு. தன்னிடம் அந்த மிஷின் இல்லை, தான் அதில் பழகவில்லை என்பதற்காக, அப்படி ஒரு வைத்தியமே உலகத்தில் இல்லாததுபோல நோயாளியை அனுப்பலாமா?

"கத்தி இல்லை, ரத்தம் இல்லை" என்று விளம்பரம் பார்த்தால் உடனே ஓடாதீர்கள். நோய் சுரப்பியைத் தாண்டிவிட்டால் இது உதவாது. நம்ம பக்கத்தில் சிறுநீர் அடைத்த பிறகு, இடுப்பு எலும்பு வலிக்குத் தைலம் தேய்த்து அலுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களே அதிகம். அவர்களில் பலருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. 50 வயது தாண்டியவர்கள் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்டு வைப்பது நல்லது.

ஆரம்ப நிலை என்றால், பெரும்பாலும் நாளைக்கே டேபிளில் படுக்க வேண்டியதில்லை. இன்னொரு டாக்டரைப் பார்க்க அவகாசம் உண்டு.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: "ஏனுங்க டாக்டர், கட்டிக்கு மட்டும் வைத்தியம் ஆகுமுங்களா? ஆகாதுன்னா ஏனுங்க?" கேள்விக்குப் பதில் தமிழில் வர வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், அதையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.